திறக்காத கதவு: கிர்கின்டில்லோக், 1937

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் கிர்கின்டில்லோக் என்று ஒரு சிறு நகரம். 1937 செப்டம்பர் 15ஆம் தேதி அங்கே ஒரு கூலிக் குழு வந்து இறங்கியது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் அக்கில் தீவுப் பக்கத்து ஆட்கள், சுமார் இருபத்தைந்து பேர். பாதிக்கு மேல் பெண்கள். கோடை தொடங்கியதிலிருந்து ஒரு பண்ணை முடிந்தால் அடுத்த பண்ணை என்று உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டே வந்தவர்கள். இனி இந்த ஊரில் வேலை. மூட்டைகளைப் பிரித்தார்கள், சாப்பிட்டார்கள், படுத்தார்கள்.

ஆண்களுக்கு ஒரு கொட்டகை. பெண்களுக்கு அதை ஒட்டி ஒரு வீடு. குழுவைக் கூட்டிவந்த கங்காணிக்கும் அவர் மகனுக்கும் தனியாகப் படுக்க இடம்.

16ஆம் தேதி அதிகாலை இருட்டில் தீப்பிடித்தது. பெண்கள் எல்லோரும் தப்பித்தார்கள். கங்காணியும் மகனும் தப்பித்தார்கள். கொட்டகைக்குள் படுத்திருந்த பத்துப் பேரில் ஒருவர்கூட உயிரோடு வெளியே வரவில்லை.

இளையவனுக்கு வயது 13. மூத்தவனுக்கு 23. ஒரே வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தம்பிகள், அதில் இருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து தப்பித்த பெண்களில் அவர்களுடைய அக்கா தங்கைகளும் இருந்தார்கள். தாங்கள் தெருவில் நின்றுகொண்டிருக்க, பையன்கள் இன்னும் வெளியே வரவில்லை என்று அவர்களுக்கு உறைத்த அந்த நிமிடத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கதவு பூட்டியிருந்தது என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பியது. அக்கிலில் அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. விசாரணை நடந்தது, சாட்சிகளைக் கேட்டார்கள், ஆனால் தீ எதனால் பிடித்தது என்பது கடைசி வரை உறுதிப்படவில்லை. பொறி எங்கிருந்து விழுந்தது என்பது தெரியாமலே போகட்டும். அதைவிடப் பெரிய கேள்வி வேறு இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் ஏன் அந்த மாதிரி ஓர் இடத்தில் படுத்திருந்தார்கள்? அந்த இடம் மனிதர் படுக்க ஏற்றது என்று சொல்லும் பொறுப்பு யாருக்கு இருந்தது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

கடனை அடைக்க ஒரு கடல்

அக்கில், அயர்லாந்தின் கரையோரத் தீவுகளிலேயே பெரியது. மேயோ மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பரப்பு பெரிதுதான். ஆனால் பெரும்பாலும் மலையும் கரிச்சேற்று நிலமும். உழக்கூடிய மண் துண்டு துண்டாக, வீட்டுக்குக் கொஞ்சமாக. அந்தத் துண்டில் விளைவது உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஓட்ஸ். அதை வைத்துச் சாப்பிடலாம், குத்தகை கட்ட முடியாது.

அப்படியென்றால் குத்தகை எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. குளிர்காலம் முழுக்கக் கடையில் மாவும் தேயிலையும் கடனுக்கு வாங்குவார்கள். கோடையில் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய், இலையுதிர்காலத்தில் காசோடு திரும்புவார்கள். கடைக்காரரும் நிலத்துக்காரரும் அந்தத் தேதிக்குத்தான் காத்திருப்பார்கள். மேற்கு அயர்லாந்தின் ஏழைப் பகுதிகளுக்காக 1891இல் ஒரு வாரியம் அமைத்தார்கள். அது ஊர் ஊராக வரவு செலவைக் கணக்கெடுத்தபோது, வெளியூர்க் கூலி இல்லாமல் பல குடும்பங்களுக்குப் பிழைப்பே இல்லை என்பது எழுத்திலேயே பதிவானது. அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

அக்கிலைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் 1887இல் திறக்கப்பட்டது. அதற்கு மைக்கேல் டாவிட்டின் பெயர். குத்தகை விவசாயிகளுக்காக நிலச் சங்கம் அமைத்துப் போராடிய தலைவர், மேயோக்காரர். அவர் குழந்தையாக இருந்தபோது குடும்பத்தை நிலத்திலிருந்து துரத்திவிட்டார்கள். இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் பிழைக்கப் போனார்கள். அங்கே ஒரு பஞ்சாலையில் 11 வயதில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையை இழந்தார். தீவை விட்டுத் தரைவழியாகக் கூலிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அப்படிப்பட்ட ஒருவரின் பெயர் கொண்ட பாலத்தைத் தாண்டித்தான் போனான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். மேயோ மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று. சொந்த மண்ணில் கிழங்கு அழுகியதால் சிதறிய அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள்தான், பிறகு அடுத்த நாட்டு மண்ணில் கிழங்கு பொறுக்கப் போனார்கள்.

முழங்காலில் நகர்ந்த வேலை

இவர்களை ஸ்காட்லாந்தில் டாட்டி ஹோக்கர் என்பார்கள். டாட்டி என்றால் பேச்சுவழக்கில் உருளைக்கிழங்கு. ஹோக் என்றால் தோண்டுவது. கிழங்கு தோண்டிகள், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் தென்மேற்கே எயர்ஷயரில் தொடங்கும். கடற்காற்று படுவதால் அங்கே உறைபனி குறைவு, கிழங்கு சீக்கிரம் முற்றும். முதல் கிழங்குக்கு நல்ல விலை. கிளாஸ்கோ சந்தைக்கு அன்றன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் விடியும் முன்பே வயலில் இறங்கிவிடுவார்கள். அங்கே முடிந்ததும் கிழக்கே, வடக்கே என்று பண்ணை பண்ணையாக நகர்ந்து, அக்டோபர், நவம்பர் வரை ஓடும்.

ஆண்கள் அகலமான முள்கரண்டி போன்ற மண்வாரியால் பாரைப் புரட்டிக்கொண்டே போவார்கள். பின்னால் பெண்கள், பையன்கள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். குனிந்து பொறுக்கினால் மாலைக்குள் இடுப்பு ஒடிந்துவிடும், அதனால் முழங்காலில் நகர்வார்கள். இடுப்பிலிருந்து கீழே சாக்குத் துணியைக் கட்டிக்கொள்வார்கள். கையருகே கூடைகள், பெரிய கிழங்கு ஒன்றில், சின்னது வேறொன்றில். மழை பெய்தால் பார்களுக்கு இடையே தண்ணீர் நிற்கும். சாக்கு அந்தத் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அந்தக் கனத்தையும் இழுத்துக்கொண்டு அடுத்த அடி. செப்டம்பர் வரும்போது மண் காலையில் சில்லிட்டிருக்கும், விரல் மடங்காது. ராத்திரி அந்தச் சாக்கைக் காயப்போட நெருப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் காலையில் அதே ஈரத்தை எடுத்துக் கட்ட வேண்டியதுதான்.

சாப்பாடு? வயலில் எடுத்த அதே கிழங்கு, ரொட்டி, தேநீர்.

தூங்குவது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வைக்கோல் போட்டுக் கொடுப்பார்கள். அல்லது களஞ்சியம், வண்டிக் கொட்டகை, காலியாகக் கிடக்கும் ஏதாவது கட்டடம். கிழங்குப் பெட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி, மேலே வைக்கோல் திணித்த சாக்கு, அதன்மேல் கம்பளி. அதுதான் கட்டில். இந்தத் தங்குமிடங்களுக்குப் போத்தி என்று பெயர். ஸ்காட்லாந்தில் போத்தி என்றால் பண்ணையில் கல்யாணமாகாத வேலைக்காரர்கள் தங்கும் குடில். ஆனால் பருவக் கூலிக்கு வந்தவர்களுக்குக் கிடைத்த போத்தி பல இடங்களில் அந்தக் குடிலுக்கும் கீழே. பண்ணைக்காரருக்கு அது வருஷத்தில் சில வாரம் மட்டும் மனிதர் படுக்கும் இடம். மற்ற மாதங்களில் மாட்டுக்கோ வண்டிக்கோ உரியது. அந்தச் சில வாரத்துக்காக யார் ஜன்னல் வைப்பார், யார் இரண்டாவது வாசல் திறப்பார்?

வேலையைவிட இந்தப் படுக்கையைத்தான் பெற்றவர்கள் நினைத்துப் பயந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்களும் சின்ன வயதில் போய்வந்தவர்கள். பிள்ளை ராத்திரி எங்கே படுக்கிறது என்பது மட்டும் ஒவ்வொரு பண்ணையிலும் புதிதாக முடிவாகிற விஷயம்.

யார் பொறுப்பு

சரி, இந்த ஏற்பாட்டில் முதலாளி யார்? வயல் பண்ணைக்காரருடையது. ஆனால் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே வியாபாரி அதை மொத்தமாக விலைபேசி வாங்கிவிடுவார். தோண்டி எடுப்பது அதன்பிறகு வியாபாரியின் பாடு. அவர் அக்கிலுக்கு நேராகப் போய் ஆள் எடுக்க மாட்டார். அதற்குக் கங்காணி இருக்கிறார். அவரை அங்கே காஃபர் என்பார்கள். எனக்குக் கங்காணி என்ற சொல்தான் வருகிறது, ஏனென்றால் வேலை அச்சாக அதேதான்: அந்த ஊர்க்காரர், சொந்தபந்தத்தில் ஆள் சேர்ப்பவர், கூடவே வந்து தங்கி வேலை வாங்குபவர், கூலியைக் கையில் கொடுப்பவர், ஏதாவது தப்பு நடந்தால் ஊரார் முகத்தில் விழிக்க வேண்டியவரும் அவரே.

பெற்றவர்கள் பிள்ளையை அனுப்பியது கங்காணியை நம்பித்தான். 13 வயதுப் பையனை ஸ்காட்லாந்துக்கு அனுப்ப அவர்களுக்கு வேறு எந்தத் துணையும் இல்லை. தெரிந்தவர், பக்கத்துக் கிராமத்தவர், பார்த்துக்கொள்வார். அந்த நம்பிக்கை பொய்யல்ல. பல கங்காணிகள் உண்மையாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கொட்டகை கங்காணியுடையதல்ல. வாசலைப் பெரிதாக்கும் அதிகாரமும் அவருக்கில்லை. கொடுத்த இடத்தில் ஆட்களைப் படுக்க வைப்பது மட்டும் அவர் வேலை.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், வைக்கோல் மேல் படுத்திருந்த பையனுக்கும் அவன் உழைப்பில் லாபம் பார்த்தவருக்கும் நடுவில் எத்தனை பேர் என்பது தெரியும். பண்ணைக்காரரைக் கேட்டால், இவர்கள் என் ஆட்கள் இல்லை என்பார். வியாபாரியைக் கேட்டால், கங்காணி பொறுப்பு என்பார். உள்ளூர் சுகாதார அதிகாரி, இவர்கள் சில நாளில் போய்விடுவார்கள் என்று நினைப்பார். அயர்லாந்து அரசு, அது வேறு நாட்டுச் சட்டம் என்று சொல்லும். ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் இந்த ஏற்பாட்டின் கொடுமை.

கிர்கின்டில்லோக்கில் குழு வந்து இறங்கியதும் தீ பிடித்ததும் ஒரே ராத்திரிக்குள். அந்தக் கட்டடம் அவர்களுக்குப் பழகவே இல்லை. சொந்த வீட்டில் இருட்டில்கூடக் கால் தானாக வாசலுக்குப் போகும். முன்பின் பார்க்காத கொட்டகையில், புகையில், தூக்கக் கலக்கத்தில், பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வைக்கோல் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும், எவ்வளவு புகை கக்கும் என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கதவு பூட்டியிருந்ததா, தாழ் இறுகியிருந்ததா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். கதவு தகராறு செய்தால் வேறு வழி என்ன என்று அந்தக் கட்டடத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. எனக்கு அதுதான் முடிவான குற்றமாகத் தெரிகிறது. அதற்கு ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது என்பது குற்றத்தைக் குறைக்காது.

முதல் ரயிலும் கடைசி ரயிலும்

உடல்கள் கப்பலில் டப்ளினுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் நாட்டின் குறுக்கே அக்கிலுக்குப் போயின. அந்த ரயில் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு.

1894 ஜூன் 14. அக்கிலிலிருந்து கிழங்கு வேலைக்குக் கிளம்பிய கூட்டம் பாய்மரப் படகுகளில் வெஸ்ட்போர்ட் துறைக்குப் போனது. அங்கே கிளாஸ்கோ போகும் நீராவிக் கப்பல் நின்றிருந்தது. விக்டரி என்ற படகில் அளவுக்கு மேல் ஆட்கள், நூறு பேருக்கும் அதிகம். பெரும்பாலும் இளம் பெண்கள். க்ளூ விரிகுடாவுக்குள் வந்து கப்பல் கண்ணில் பட்டதும் அதைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் நீராவிக் கப்பலாக இருந்திருக்கும். படகு கவிழ்ந்தது. 32 பேர் இறந்தார்கள்.

வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கிலுக்கு அப்போதுதான் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழைப் பகுதிகளுக்கு ரயில் வந்தால் பிழைப்பு வரும் என்று அரசு பணம் கொடுத்துப் போட்ட பாதை. முறைப்படி அக்கில் வரை அது திறந்தது அடுத்த வருஷம், 1895இல். ஆனால் அந்தப் பாதையில் அக்கில் வரை வந்த முதல் ரயில், 1894 ஜூனில் மூழ்கிச் செத்தவர்களின் உடல்களைச் சுமந்துவந்த தனி ரயில்.

நாற்பது வருஷம் ஓடியது. பாதையில் லாபம் இல்லை. மூடினார்கள், கொஞ்ச காலம் திரும்பத் திறந்தார்கள், கடைசியாக 1937 செப்டம்பர் முடிவோடு நிரந்தரமாக மூடினார்கள். அதாவது கிர்கின்டில்லோக் உடல்கள் வந்து சில நாளில். அதனால் ஊரார் வாயில் இது முதல் ரயிலும் கடைசி ரயிலும் பிணம் சுமந்த பாதை. நூற்றாண்டுகளுக்கு முன்பு மேயோவில் வாழ்ந்த பிரையன் ருவா என்பவர் சொன்ன வாக்கு ஒன்று அங்கே பிரசித்தம்: இரும்புச் சக்கர வண்டிகள் நெருப்பும் புகையும் கக்கிக்கொண்டு அக்கிலுக்கு வரும், முதல் தடவையும் கடைசித் தடவையும் பிணங்களைக் கொண்டுவரும்.

கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது. இந்தச் சம்பவத்தை யார் சொன்னாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். துக்கத்தில் இருக்கும் ஊர், என்றோ சொன்ன வாக்கைப் பற்றிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். பத்துச் சவப்பெட்டிகளைத் தோளில் வாங்கியவர்களுக்கு எதையாவது பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் நிகழ்வை ஆராய்கிற நமக்கு அந்த வாக்கு ஓர் ஆபத்து. ஏற்கெனவே எழுதிவைத்தது நடந்தது என்றால் கொட்டகையைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். படகில் ஏன் நூறு பேருக்கு மேல் ஏற்றினார்கள் என்றும் கேட்க வேண்டாம்.

இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது, அதற்கு வாக்கு எதுவும் கிடையாது. 1935 நவம்பர் 9ஆம் தேதி, டொனிகால் மாவட்டத்தின் ஆரன்மோர் தீவுக்காரர்கள் ஸ்காட்லாந்தில் கிழங்குப் பருவம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பர்ட்டன்போர்ட்டில் இறங்கி, தீவுக்குப் படகு ஏறினார்கள். இருட்டில் படகு பாறையில் மோதியது. இருபது பேரில் 19 பேர் இறந்தார்கள். ஒருவர் பிழைத்தார். வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரம்.

போகும்போது 1894, திரும்பும்போது 1935, தங்கிய இடத்தில் 1937. ஒரே வேலை, அதன் மூன்று கட்டங்கள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. இவர்களின் உழைப்புக்கு விலை இருந்தது. அவர்களைக் கொண்டுபோவதற்கும் படுக்க வைப்பதற்கும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் யாரும் செலவுக் கணக்கு எழுதவில்லை.

பிறகு

தீ விபத்து இரண்டு நாடுகளையும் உலுக்கியது. குடும்பங்களுக்காக நிதி திரட்டினார்கள். டொனிகாலைச் சேர்ந்த எழுத்தாளரும் தொழிலாளர் அமைப்பாளருமான பேடர் ஓ'டொன்னல் இந்தத் தீயை வைத்தே ஒரு துண்டுநூல் எழுதினார். அவருக்கு இது படித்துத் தெரிந்த விஷயம் அல்ல, கிழங்கு வேலைக்குப் போகிறவர்கள் நடுவில் வளர்ந்தவர். இவர்களுக்கு வேண்டியது அனுதாபம் அல்ல, சங்கம் என்பது அவருடைய நிலை. நான் அவர் பக்கம். இருபது பேர் சேர்ந்து, இந்தக் கொட்டகையில் படுக்க மாட்டோம் என்று சொல்ல முடிந்திருந்தால் வியாபாரி அன்று மாலைக்குள் வேறு இடம் பார்த்திருப்பார். கிழங்கு காத்திருக்காது. தனித்தனியாக, கங்காணியின் நல்ல மனதை நம்பி, வீட்டில் கடைக் கடனோடு வந்தவர்களால் அதைச் சொல்ல முடியாது.

அயர்லாந்தில் அப்போது ஆட்சியில் இருந்த டி வலேராவின் அரசு, பருவ வேலைக்குப் பிரிட்டன் போகிறவர்கள் பற்றி ஆராயப் பல துறைகள் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தது. 1938இல் அறிக்கை வந்தது. யார் போகிறார்கள், எங்கிருந்து, எத்தனை மாதம், எவ்வளவு கொண்டுவருகிறார்கள் என்று முதல் தடவையாக டப்ளினில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தார்கள். சுதந்திர அரசு அமைந்து அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

போக்குவரத்து நிற்கவில்லை. நிற்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள், தீவில் வேறு பிழைப்பு முளைக்கவில்லையே. பின்னாளில் கிழங்கெடுக்கும் இயந்திரங்கள் வந்த பிறகுதான் கூலிக் குழுக்கள் மெல்லக் குறைந்து மறைந்தன. அதற்குள் மேயோ பிள்ளைகள் இங்கிலாந்தில் சாலை போடவும் சுரங்கப்பாதை தோண்டவும் கட்டடம் கட்டவும் போய்விட்டார்கள்.

ரயில் ஓடிய பாதையில் இப்போது தண்டவாளம் இல்லை. வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் வரை 42 கிலோமீட்டருக்கு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகும் வழியாக ஆக்கியிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டி, கரையோரமாகத் தெற்கே போனால் கில்டாவ்னெட் இடுகாடு. தண்ணீருக்குப் பக்கத்திலேயே. 1894இல் மூழ்கியவர்களும் அங்கேதான், 1937இல் எரிந்தவர்களும் அங்கேதான்.

அடுத்த ஜூனில் எயர்ஷயரில் முதல் கிழங்கு முற்றியது. அக்கிலிலிருந்து மறுபடியும் ஆட்கள் போனார்கள். ரயில் நின்றுபோயிருந்தது, பேருந்தில் போனார்கள்.